குலுக்கலில் இடம் கொடுத்த திட்டம் பலன் தந்ததா? கணக்கிடப் புதிதாக வருபவர்களுக்கு

2008-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநில அரசிடம் கொஞ்சம் பணம் தேறியது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் மருத்துவக் காப்பீட்டின் ஒரு பிரிவில் 2004 முதல் புதிதாக யாரையும் சேர்க்காமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். இப்போது 10,000 பேரைச் சேர்க்கலாம் என்ற நிலை. பெயர் கொடுக்க ஏறக்குறைய ஒரு மாதம் அவகாசம் விட்டார்கள். கிட்டத்தட்ட 90,000 பேர் வந்து குவிந்துவிட்டார்கள். யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது? மார்ச் முதல் செப்டம்பர் வரை எட்டு முறை குலுக்கல் போட்டார்கள்.

அரசு அதை நியாயத்துக்காகச் செய்தது. ஆனால் பொருளாதார ஆய்வாளர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. காப்பீடு இருப்பவரையும் இல்லாதவரையும் சும்மா ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. உடம்புக்கு முடியாதவர்தான் காப்பீட்டைத் தேடி அலைவார், பிறகு "காப்பீடு வாங்கியவர்கள் அதிகம் நோய்ப்படுகிறார்கள்" என்று கணக்கு சொல்லும். குலுக்கலில் அந்தத் தொல்லை இல்லை. சீட்டு விழுந்தவரும் விழாதவரும் ஒரே கூட்டத்திலிருந்து வந்தவர்கள். வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டும்தான். ஏமி ஃபிங்கல்ஸ்டைன், கேத்ரின் பேக்கர் முதலியோரின் குழு அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டது. திட்டங்களின் பலனைக் கணக்கிடும் இந்தத் துறையில் புதிதாக வருகிற யாருக்கும் நான் முதலில் காட்டுவது அந்த ஆய்வைத்தான். கீழே வரும் படிகளுக்கும் அதையே கையில் வைத்துக்கொள்வோம்.

ஒரு விஷயத்தை இப்போதே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆட்களைப் பிரிக்க வேண்டியது சீட்டு விழுந்ததா இல்லையா என்பதை வைத்து. திட்டத்தில் சேர்ந்தாரா இல்லையா என்பதை வைத்து அல்ல. மீதி எல்லாம் இந்தப் பிரிவினையைக் கெடுக்காமல் காப்பாற்றும் வேலைதான்.

1. குலுக்கல் நாளின் பட்டியலைக் கைப்பற்றுங்கள்

திட்ட அலுவலகத்தில் கேட்டால் முதலில் தருவது பயனாளிகள் பட்டியல். அது வேண்டாம். குலுக்கல் நடந்த நிமிடத்தில் யார் யார் பெயர் அதில் இருந்தது என்ற முழுப் பட்டியல் வேண்டும். விழுந்தவர், விழாதவர், விழுந்தும் வராதவர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். அதை ஒரு கோப்பாகச் சேமித்து, அப்புறம் யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டிவிடுங்கள். "தகுதியில்லாதவர்களை நீக்கிவிட்டோம்" என்று யாராவது சொன்னால் உடனே கேளுங்கள்: குலுக்கலுக்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் பாதகமில்லை. பின்பு என்றால் அநேகமாகச் சீட்டு விழுந்தவர்களின் தகுதியை மட்டும்தான் சரிபார்த்திருப்பார்கள். விழாதவர்களின் வருமானச் சான்றை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஒரு பக்கம் மட்டும் சலித்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் அது குலுக்கல் ஒப்பீடே இல்லை.

ஓரிகனில் இதுதான் நடந்திருக்கும், ஆய்வுக் குழு அசந்திருந்தால். சீட்டு விழுந்தவர்கள் 45 நாளுக்குள் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். அனுப்பியவர்கள் ஏறக்குறைய 60 சதவீதம். அவர்களிலும் பாதிப் பேருக்குத் தகுதியில்லை என்று தெரிந்தது. பெரும்பாலும் வருமானம் வரம்பைத் தாண்டியதால். கடைசியில் அந்த வழியாகச் சேர்ந்தவர்கள் 30 சதவீதம்தான். இந்த 30 சதவீதத்தைத் தோற்றவர்கள் அத்தனை பேரோடும் ஒப்பிட்டால் என்ன ஆகும்? காகிதம் நிரப்பி அனுப்பும் பொறுமையும், வரம்புக்குக் கீழான வருமானமும், காப்பீட்டின் அவசரத் தேவையும் சேர்ந்தவர்கள் ஒரு பக்கம். கலவையான கூட்டம் மறுபக்கம். குலுக்கல் கொடுத்த வரத்தை நாமே கெடுத்துக்கொண்டதாகிவிடும்.

2. எல்லோருக்கும் ஒரே வாய்ப்பா?

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஓரிகனில் ஒருவர் பெயர் கொடுக்கும்போதே தன் வீட்டில் உள்ள பெரியவர்களின் பெயரையும் சேர்த்துக் கொடுக்கலாம். அவர்களில் யார் பெயர் விழுந்தாலும் வீட்டில் உள்ள எல்லோரும் விண்ணப்பிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கிற வீட்டுக்குத் தனி ஆளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்ப்பு.

கற்பனை எண்களில் போட்டுப் பார்க்கலாம். பட்டியலில் தனி ஆட்கள் 1,000 பேர், ஜோடிகள் 500, அதாவது இன்னொரு 1,000 பேர். ஒவ்வொரு பெயருக்கும் பத்தில் ஒரு வாய்ப்பு. தனி ஆட்களில் 100 பேருக்கு விழும். ஜோடியில் இருவரில் ஒருவருக்காவது விழும் வாய்ப்பு 19 சதவீதம்; எனவே 95 ஜோடிகள், 190 பேர். வென்ற 290 பேரில் ஜோடிக்காரர்கள் 66 சதவீதம். தோற்ற 1,710 பேரிலோ 810 பேர்தான், 47 சதவீதம். கல்யாணமானவரும் தனியாக இருப்பவரும் உடல்நிலையிலும் வருமானத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. திட்டம் ஒரு துரும்பைக்கூட அசைக்காவிட்டாலும் இரண்டு சராசரிகளும் வேறுபடும்.

மருந்து எளிது. ஒரே வாய்ப்பு உள்ளவர்களை ஒரு கூடையில் போடுங்கள்: தனி ஆட்கள் ஒரு கூடை, ஜோடிகள் ஒரு கூடை. ஒவ்வொரு கூடைக்குள்ளும் வென்றவரையும் தோற்றவரையும் ஒப்பிட்டு, பிறகு கூடைகளின் விடைகளைச் சேர்த்துச் சராசரி எடுங்கள். ரிக்ரெஷன் ஓட்டுபவர்கள் கூடைக்கு ஒரு டம்மி மாறி (அந்தக் கூடையில் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0) சேர்த்தால் போதும். ஓரிகன் குழு செய்தது இதைத்தான். கேள்வித்தாளும் அலை அலையாகப் போனதால், அந்தத் தரவில் வீட்டு எண்ணிக்கையோடு அலையையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நம்மூரிலும் இதே பிரச்சினை உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பம் கூடினால் குலுக்கல் போடுவார்கள். ஒரு பள்ளிக்கு மட்டும் எழுதிப் போட்ட பெற்றோரும், பல பள்ளிகளுக்கு எழுதிப் போட்ட பெற்றோரும் வெவ்வேறு ஆட்கள். இரண்டாமவருக்கு எங்காவது ஓர் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், பிள்ளைப் படிப்பில் அக்கறை காட்டும் நேரமும் அதிகமாக இருக்கலாம். அங்கே கூடை என்பது "அதே பள்ளிகளுக்கு, அதே ஆண்டில் விண்ணப்பித்தவர்கள்" என்றாகும். முன்னுரிமைப் பிரிவில் குலுக்கல் இல்லாமலே இடம் பெற்ற குழந்தைகள் ஒப்பீட்டுக்குள் வரக் கூடாது. அவர்களுக்கு இணையாகத் தோற்றவர் என்று யாரும் இல்லை. விண்ணப்பம் குறைவாக வந்து எல்லோருக்கும் இடம் கிடைத்த பள்ளியும் அப்படியே. பாதி மாதிரி கையை விட்டுப் போகிறதே என்று வயிறு எரியும். போகட்டும்.

3. குலுக்கல் நேர்மையாக நடந்ததா என்று பாருங்கள்

குலுக்கலுக்கு முன்பே முடிவான விவரங்களை எடுத்து, கூடைக்குள் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஓரிகன் பட்டியலில் இருந்தது அற்ப விவரம்தான்: பிறந்த ஆண்டு, ஆணா பெண்ணா, ஆங்கிலத்தில் படிவம் கேட்டாரா, முதல் நாளே பெயர் கொடுத்தாரா, தொலைபேசி எண் தந்தாரா, முகவரி தபால் பெட்டி எண்ணா. ஆனால் முதல் நாளே ஓடி வந்தவர் எவ்வளவு அவசரத்தில் இருந்தார் என்பதை இதைவிட நன்றாக எது சொல்லும்? இந்த மாதிரி விவரங்களை அலட்சியம் செய்யாதீர்கள்.

இருபது விவரங்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றாவது தற்செயலாக வேறுபட்டுக் காட்டும். அதற்குப் பதற வேண்டாம். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துச் சோதித்துப் பாருங்கள். மொத்தமும் சாய்ந்திருந்தால் புள்ளியியலை ஓரம் வைத்துவிட்டு, குலுக்கல் போட்ட ஆளோடு உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். எப்படிப் போட்டீர்கள், யார் எடுத்தார்கள், எடுத்தபின் மாற்றினீர்களா. பெரும்பாலும் பதில் அங்கேதான் கிடைக்கும்.

4. தோற்றவர்களையும் அதே சிரத்தையோடு தேடுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் தையல் இயந்திரம் கொடுக்கும் ஒரு சின்னத் திட்டத்துக்கு மதிப்பீடு செய்யப் போனேன். குலுக்கல் சுத்தம், பட்டியல் சுத்தம். தொலைபேசிக் கணக்கெடுப்பு தொடங்கி ஒரு வாரத்தில் பார்த்தால், வென்றவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கிடைக்கிறார்கள், தோற்றவர்களில் பத்துக்கு ஐந்து பேர்தான். ஏன் என்று புரியவில்லை. அப்புறம் எக்செல் ஷீட்டை வரிசை வரிசையாகப் பார்த்தபோது பிடிபட்டது. இயந்திரம் வாங்க வந்த நாளில் அலுவலகத்தில் ஒரு பெண் புண்ணியத்துக்கு எல்லோருடைய புது எண்ணையும் கேட்டு அதே கட்டத்தில் மாற்றி எழுதியிருக்கிறார். தோற்றவர்களுக்கு இருந்தது இரண்டு வருஷத்துக்கு முந்தைய எண். எண் மாறாமல் ஒரே ஊரில் இருப்பவர் யார்? வாழ்க்கை ஓரளவு நிலைத்தவர். ஆக, தோற்றவர் பக்கம் நிலைத்தவர்கள் மட்டும், வென்றவர் பக்கம் எல்லோரும்.

திருத்தினோம். விண்ணப்பத்தில் இருந்த பழைய எண்ணையும் முகவரியையும் மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் முயற்சி, நேரில் போனாலும் இரண்டு பக்கமும் போவது என்று விதி போட்டோம். வேலை இரட்டிப்பாயிற்று.

விடை தந்தோர் விகிதத்தை இரண்டு பக்கமும் தனித்தனியாக அறிக்கையில் எழுதுங்கள். ஓரிகன் அஞ்சல் கேள்வித்தாளுக்குப் பதில் தந்தவர்கள், எடைக்கணக்குப் போட்ட பிறகும், ஏறக்குறைய பாதிதான். அதை அவர்கள் மறைக்கவில்லை. கூடவே மருத்துவமனைப் பதிவு, கடன் பதிவு போன்ற, யாரையும் கேட்காமலே எல்லோருக்கும் கிடைக்கும் தரவுகளையும் எடுத்தார்கள். முடிந்தால் நீங்களும் அப்படியே. வித்தியாசம் மிஞ்சினால் டேவிட் லீ 2009-இல் கொடுத்த முறை இருக்கிறது: அதிகம் பதில் வந்த பக்கத்தில் மிகையான ஆட்களை முதலில் உயர்ந்த மதிப்புகளிலிருந்து வெட்டி ஒரு விடை, அடுத்து தாழ்ந்த மதிப்புகளிலிருந்து வெட்டி இன்னொரு விடை. உண்மை இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் என்று சொல்லலாம். இடைவெளி பெரிதாக இருந்தால் அது உங்கள் தரவின் லட்சணம்.

5. முதல் விடை: சீட்டின் விளைவு

இப்போதுதான் கணக்கே. கூடைக்குள் வென்றவர்களின் சராசரி, தோற்றவர்களின் சராசரி, கழித்தல். அவ்வளவுதான். இதை இன்டென்ஷன் டு ட்ரீட் என்பார்கள். ஐடிடி என்று சுருக்குவார்கள். வென்றும் சேராதவர் வென்றவர் பக்கமேதான் இருப்பார்.

ஓரிகனில் தோற்றவர்களில் 6.7 சதவீதம் பேர் ஆய்வுக் காலத்தில் பிரசவம் தவிர்த்த காரணத்துக்காக மருத்துவமனையில் படுத்திருந்தார்கள். வென்றவர்களிடம் இது 0.54 சதவீதப் புள்ளி கூடுதல். இதைப் பார்த்து "இத்தனூண்டுதானா" என்று யாரும் கேட்பார்கள். ஆனால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. குலுக்கலைத் தவிர வேறு எந்த அனுமானமும் இதற்குத் தேவையில்லை. திட்டத்தை அறிவித்து இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கும் அதிகாரிக்கு இதுவே பதில்.

6. இரண்டாவது விடை: சேர்ந்ததன் விளைவு

வென்றவர் எல்லோரும் சேரவில்லை. தோற்றவர்களிலும் சிலர் கர்ப்பம், ஊனம் போன்ற வேறு வழிகளில் மெடிகெய்ட்டுக்குள் வந்துவிட்டார்கள். தோற்றவர்களில் 14 சதவீதம் பேர் எப்போதாவது அதில் இருந்தார்கள். வென்றவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம். வித்தியாசம் 25.6 சதவீதப் புள்ளி. ஆகவே,

0.54 ÷ 0.256 = 2.1

நூறு பேருக்குச் சீட்டு விழுந்தால் சுமார் 26 பேருக்குத்தான் காப்பீட்டு நிலை மாறுகிறது. நூறு பேரின் சராசரியில் தெரிகிற 0.54 முழுக்க அந்த 26 பேரால் வந்தது. அவர்கள் ஆளுக்கு 2.1 புள்ளி கூடினார்கள் என்று அர்த்தம். 6.7-இன் மேல் 2.1 என்றால் ஏறக்குறைய 30 சதவீத உயர்வு. மென்பொருளில் இதைக் கருவி மாறி முறை அல்லது டூ ஸ்டேஜ் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் என்று காண்பீர்கள். பெயர்தான் பெரிது, உள்ளே நடப்பது இந்த வகுத்தல்.

வகுப்பதற்கு முன் இரண்டு கேள்வி. ஒன்று, சீட்டு விழுந்ததாலேயே சேராமல் போனவர் யாராவது இருப்பாரா? பொதுவாக இருக்க மாட்டார். இரண்டு, சேர்வதைத் தவிர வேறு வழியில் சீட்டு அவர் வாழ்க்கையை மாற்றியிருக்குமா? இது வில்லங்கமான கேள்வி. விண்ணப்பம் கொடுக்க அலுவலகம் போனவர் அங்கேயே உணவு உதவித் திட்டத்திலும் பெயர் கொடுத்துவிட்டு வரலாம்; ஓரிகன் குழு இதைத் தனியாகச் சோதித்துப் பார்த்தது. உங்கள் திட்டத்தில் அப்படி ஏதாவது இருந்தால் ஐடிடி-யோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை.

இந்த 2.1 யாருக்கான விடை? சீட்டு விழுந்ததால் சேர்ந்து, விழாவிட்டால் சேராமல் இருந்திருப்பவர்களுக்கு மட்டும். எப்படியும் உள்ளே வந்திருப்பவர்களைப் பற்றியோ, கொடுத்தாலும் வராதவர்களைப் பற்றியோ இது பேசவில்லை. கைடோ இம்பென்ஸும் ஜோஷுவா ஆங்கிரிஸ்ட்டும் 1994-இல் இதைத் தெளிவுபடுத்தினார்கள். 2021 நோபலில் அவர்களுடைய பங்கு பெரும்பாலும் இதற்குத்தான்.

வராதவர்களை உதறிவிடவும் வேண்டாம். அகமதாபாத்தில் 1987-இல் பீடி சுற்றும் பெண்களுக்கு நகர ஓரத்தில் குலுக்கலில் வீடு ஒதுக்கினார்கள். 14 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது வென்றவர்களில் 34 சதவீதம் பேர் குடியேறவே இல்லை, 32 சதவீதம் பேர் போய்விட்டுத் திரும்பியிருந்தார்கள். வருமானத்தில் மாற்றமில்லை, சொந்தபந்தம் விட்டுப்போனதுதான் மிச்சம். அங்கே "ஏன் போகவில்லை" என்பதே முக்கியக் கண்டுபிடிப்பு.

7. பிழையின் அளவு

வீட்டுக்கே சேர்த்துச் சீட்டு விழுந்தால் கணவனும் மனைவியும் இரண்டு தனித் தகவல் அல்ல. திட்டப் பிழையை (ஸ்டாண்டர்ட் எரர்) வீட்டு வாரியாகக் கிளஸ்டர் செய்யுங்கள், அதாவது ஒரு வீட்டாரை ஒரே கொத்தாக வைத்துக் கணக்கிடுங்கள். பள்ளி வகுப்புக்கே மொத்தமாக விழுந்தால் வகுப்பு வாரியாக. எந்த மட்டத்தில் குலுக்கினார்களோ அந்த மட்டம்.

குலுக்கலுக்கு முந்தைய விவரங்களை ரிக்ரெஷனில் சேர்த்தால் பிழை கொஞ்சம் குறையும், சேர்க்கலாம். குலுக்கலுக்குப் பிந்தையதைச் சேர்க்கவே கூடாது. "டாக்டரைப் பார்க்கப் போனாரா" என்பதைக் கட்டுப்பாடாகப் போட்டு ஆரோக்கியத்தைக் கணக்கிட்ட அறிக்கையை நானே பார்த்திருக்கிறேன். காப்பீடு செய்கிற வேலையையே கழித்துவிட்டு, காப்பீடு ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 0.256-ஆல் வகுக்கும்போது விடை நான்கு மடங்காகிறது, பிழையும் நான்கு மடங்காகிறது. துல்லியம் துளிகூடக் கூடுவதில்லை. எல்லோரும் சேர்ந்திருந்தால் கிடைக்கும் துல்லியத்தை, கால்வாசிப் பேர் மட்டும் சேரும் திட்டத்தில் பெறப் பதினாறு மடங்கு ஆட்கள் வேண்டும். நிதி கேட்டு எழுதும்போதே இதைச் சொல்லிவிட்டால் பிற்பாடு தலைகுனிய வேண்டாம்.

8. "பலன் இல்லை" என்று எழுதுமுன்

ஓரிகன் ஆய்வின் 2013 அறிக்கை வந்தபோது ஒரே சண்டை. மனச்சோர்வு இருப்பதாகச் சோதனையில் தெரிந்தவர்கள் 9.15 சதவீதப் புள்ளி குறைந்தார்கள். தோற்றவர்களில் இது 30 சதவீதம். மருத்துவச் செலவால் வீடு மூழ்குவது ஏறக்குறைய நின்றே போனது. ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை மூன்றிலும் புள்ளியியல் ரீதியாக உறுதியான மாற்றம் இல்லை. "மெடிகெய்ட் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று ஒரு தரப்பு பிடித்துக்கொண்டது.

நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மை விடை எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதைப் படித்தால் கதை வேறு. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.5-க்கு மேல் இருந்தவர்கள் தோற்றவர்களில் 5.1 சதவீதம்தான். காப்பீட்டால் வந்த மாற்றம் 0.93 புள்ளி குறைவு, இடைவெளி 2.44 குறைவிலிருந்து 0.57 கூடுதல் வரை. அதாவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கவும் இடம் உண்டு, சற்றுக் கூடியிருக்கவும் இடம் உண்டு. நோயுள்ளவர்களே சிலர், அவர்களிலும் சீட்டால் சேர்ந்தவர்கள் கால்வாசி. இதை வைத்துக்கொண்டு இல்லை என்று அடித்துப் பேச முடியாது, உண்டு என்றும் பேச முடியாது. உங்கள் அறிக்கையில் எப்போதும் இடைவெளியின் இரண்டு முனைகளையும் எழுதி, "இந்த முனை உண்மையானால் அது பெரிய பலன்தானா" என்று திட்டக்காரரையே கேளுங்கள்.

எதை அளக்கப் போகிறோம் என்பதைத் தரவைத் திறக்கும் முன் எழுதி வைப்பதும் இதற்காகத்தான். ஓரிகன் குழு அப்படி எழுதி வைத்திருந்தது. அதனால்தான், காப்பீடு வந்தால் அவசர சிகிச்சைப் பிரிவில் கூட்டம் குறையும் என்று பலர் எதிர்பார்த்திருந்த நிலையில், 2014-இல் அது 40 சதவீதம் கூடியது என்று வந்த விடையை யாரும் "தேடி எடுத்தது" என்று சொல்ல முடியவில்லை.

கை பழக

ஓரிகன் தரவில் பெரும்பகுதி அமெரிக்கத் தேசியப் பொருளாதார ஆய்வு மையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பெயர்கள் நீக்கப்பட்டு. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 74,922 பேர். இறக்கிக்கொண்டு ஆர் அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் திறவுங்கள். முதலில் சீட்டு விழுந்ததா என்ற பத்தியை மட்டும் வைத்து, மெடிகெய்ட்டில் எப்போதாவது இருந்தாரா என்பதன் வித்தியாசத்தை எடுங்கள். அடுத்து பட்டியலில் வீட்டிலிருந்து எத்தனை பேர் என்ற பத்தியை டம்மிகளாகச் சேர்த்து, வீட்டு எண்ணில் கிளஸ்டர் செய்து மறுபடி எடுங்கள். இரண்டாவது முறை 25.6-க்குப் பக்கத்தில் வர வேண்டும். வரவில்லை என்றால், கோப்புகளை இணைக்கும்போது யாரையாவது தொலைத்துவிட்டீர்களா என்று வரிசைகளை எண்ணிப் பாருங்கள்.